ஒயரிங் படம், போல்ட் டைட் பண்ற டார்க் அளவெல்லாம் கம்மி செலவுல எங்க கிடைக்கும்?

திண்டுக்கல்_பட்டறை | ஞாயிறு, இரவு 10:42

அண்ணன்மாருக்கெல்லாம் வணக்கம். ஐடிஐ-ல எம்எம்வி (மோட்டார் வண்டி மெக்கானிக்) ட்ரேடு முடிச்சுட்டு எட்டு மாசமா ஒரு பட்டறையில வேலை கத்துக்கிட்டு இருக்கேன். மாசம் ஒன்பதாயிரம். அதுல ஆறு வீட்டுக்குப் போயிடும்.

எங்க ஓனர் அண்ணன் சத்தத்தை வெச்சே எந்த பேரிங்னு சொல்லிடுவாரு. அவர்கிட்ட கத்துக்க நிறைய இருக்கு. ஆனா சென்சார், ஒயரிங்னு வந்துட்டா அவருக்கும் கை நின்னுடுது. "எலக்ட்ரீஷியன் வரட்டும்டா"ன்னு வண்டியை வேப்பமரத்தடியில ஓரங்கட்டிடுவாரு. போல்ட் எவ்வளவு டைட்னு கேட்டா, "கை சொல்லும்டா"ம்பாரு. என் கை இன்னும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருக்கிற ஃப்ரெண்டுகிட்ட கேட்டேன். ஸ்கிரீன்ல பாக்கலாம், வெளிய கொடுக்கக் கூடாதுன்னான். நெட்ல இருக்கிற டேட்டாபேஸ் எல்லாம் வருசச் சந்தா. அதோட விலைக்கு நான் ஒரு பழைய பைக் வாங்கிடலாம். பட்டறையில வேலை கத்துக்கிற பையன் இதெல்லாம் எங்க போய்ப் படிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஸ்கேனர்_பாண்டி | ஞாயிறு, இரவு 11:05

தம்பி, ரொம்ப யோசிக்காத. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா ஒரு ஹார்ட் டிஸ்க்ல எல்லா வண்டி மேனுவலும் போட்டுத் தருவாங்க. ரெண்டாயிரம் கேப்பான், ஆயிரத்து ஐநூறுக்கு முடிச்சுடலாம். நானும் அதுதான் வெச்சிருக்கேன். வாழ்நாளுக்கும் போதும்.


ஐடிஐ_வாத்தியார் | திங்கள், காலை 6:20

பாண்டி தம்பி, அந்த டிஸ்க்கில் ஆல்டோ இருக்கிறதா, இன்டிகா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் பார்த்த டிஸ்க்குகளில் முக்கால்வாசி ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகள்தான். நம் ஊர்ப் பட்டறைக்கு வருகிற வண்டிகளைத் தேடினால் ஓனர் மேனுவலோடு நின்றுவிடும். மீதியில் பாதி வைரஸ்.

திண்டுக்கல் தம்பிக்கு: "தகவல்" என்று மொத்தமாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. உனக்கு வேண்டியது அளவா (டார்க், கேப் என்கிற இடைவெளி, ஆயில் கொள்ளளவு), ஒயரிங் படமா, கழற்றி மாட்டும் முறையா, இல்லை "இந்த வண்டிக்கு இந்த வியாதி சகஜம்" என்ற அனுபவமா? நாலுக்கும் நாலு கடை. முதலாவது பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். இரண்டாவதுதான் கஷ்டம்.

அடிப்படைக்கு: கிண்டியில் இருக்கிற நிமி நிறுவனம் போடுகிற எம்எம்வி தியரி, பிராக்டிகல் புத்தகங்கள் தமிழிலேயே இருக்கின்றன. பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் பிடிஎஃப் ஆக இலவசம். "அதெல்லாம் பரீட்சைக்குப் படிச்சது சார்" என்பாய். பரீட்சைக்குப் படித்ததால்தான் மறந்துவிட்டது. சென்சார் பாடத்தை இப்போது ஒரு வண்டி முன்னால் உட்கார்ந்து படித்துப் பார்.


திண்டுக்கல்_பட்டறை | திங்கள், இரவு 9:48

வாத்தியார் சார், நீங்க சொன்னது சரிதான். மொட்டையா கேட்டுட்டேன். உண்மையான பிரச்சினை இது:

2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். ஓடிட்டே இருக்கும்போது படக்குனு நின்னுடுது. ரெண்டு நிமிசம் விட்டு சாவி போட்டா மறுபடி ஸ்டார்ட் ஆயிடும். செக் இன்ஜின் லைட் எரியுது. என்கிட்ட இருக்கிற அறுநூறு ரூபா ப்ளூடூத் டாங்கிள்ல (வண்டியில சொருகினா கோளாறு கோடைப் போன்ல காட்டும்) பி0193 காட்டுச்சு. ஃப்யூயல் ரெயில் பிரஷர் சென்சார் (டீசல் அழுத்தத்தை அளக்கிறது), சர்க்யூட் ஹை.

ஓனர் அண்ணன் சென்சாரை மாத்தினாரு. நாலு நாள் நல்லா ஓடிச்சு, மறுபடி வந்துடுச்சு. கஸ்டமர் சும்மா விடுவாரா? "சென்சாருக்குக் கொடுத்த காசு என்னாச்சு"ன்னு பட்டறை வாசல்ல நின்னு கத்திட்டுப் போனாரு. பக்கத்து டீக்கடையே வேடிக்கை பாத்துச்சு. அண்ணன் ஒண்ணும் பேசல. அன்னைக்கு மத்தியானம் சாப்பிடவும் இல்ல. அதைப் பாத்துட்டுத்தான் இங்க வந்து கேட்டேன்.

சென்சாரோட ஒயர் மூணும் அறாம இருக்கான்னு மீட்டர்ல கன்டினியூட்டி பாத்தேன். மூணும் பீப் அடிக்குது. ஒயரிங் படம் இருந்தா எது எங்க போகுதுன்னு பாத்துடுவேன்.


ஈரோடு_எலக்ட்ரிகல் | திங்கள், இரவு 11:31

தம்பி, இதுக்குப் படம் வேண்டாமுங்க. மல்டிமீட்டரும் ரெண்டு குண்டூசியும் போதும். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையாப் படிங்க.

மூணு ஒயர் சென்சார்னா பெரும்பாலும் ஒரே கதைதான். ஒண்ணு 5 வோல்ட் சப்ளை, ஒண்ணு கிரவுண்ட், ஒண்ணு சிக்னல். ரெயில் பிரஷர் சென்சாரும் அதே சாதி. சென்சாரைக் கழட்டாதீங்க, மாட்டியபடியே இருக்கட்டும். கனெக்டரோட பின்பக்கம், ஒயர் உள்ள போற ரப்பர் ஓரமா, குண்டூசியை மெதுவா விடுங்க. ஒயர் தோலைக் குத்தாதீங்க. குத்தின இடத்துல மழைத்தண்ணி ஏறி ஆறு மாசத்துல பச்சை பூத்துடும். அப்புறம் அது உங்களுக்கே திரும்பி வர்ற வேலையாயிடும்.

மீட்டரோட கருப்பு பேட்டரி மைனஸ்ல நேரா இருக்கட்டும். பாடியில வேண்டாம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். மூணு ஒயரையும் ஒண்ணொண்ணாப் பாருங்க. 5 வருதா, 0 வருதா, அரை வோல்ட் பக்கம் வருதா? அப்படி வந்தா எது எதுன்னு வண்டியே உங்களுக்குச் சொல்லிடுச்சு. படம் எதுக்கு? ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம) விட்டா சிக்னல் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல ஏறி நிக்கணும்.

இப்ப உங்க கோடுக்கு வாங்க. "ஹை"ன்னா பிரஷர் ஏறிடுச்சுன்னு அர்த்தமில்லீங்க. சிக்னல் வோல்ட் ஏறிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு முதல் காரணம் என்ன தெரியுமா? கிரவுண்ட் ஒயர் அத்துப்போறது. கிரவுண்ட் போனா சென்சாருக்குள்ள கரண்ட் இறங்க வழியில்ல, சிக்னல் அப்படியே 5 வோல்ட் பக்கம் தூக்கிக்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர், அதான் இசியூ, பயந்துபோய் டீசலை நிறுத்திடும். சென்சார் மேல ஒரு தப்பும் இருக்காது.

கன்டினியூட்டி பீப்பை நம்பாதீங்க. ஒயர் உள்ள இருபது இழை இருக்கும். பத்தொன்பது அத்து ஒண்ணு தொட்டுட்டு இருந்தாலும் பீப் அடிக்கும். வண்டி நிக்கும்போது தொடும், குழியில இறங்கினா விட்டுடும். அதனால சென்சாரை மாட்டியபடியே கிரவுண்ட் ஒயர்ல சிவப்பை வெச்சு, பேட்டரி மைனஸ்ல கருப்பை வெச்சு, சாவி ஆன்ல ஒயர் கட்டை கையில பிடிச்சு சாண் சாணா ஆட்டிட்டே வாங்க. இருபது முப்பது மில்லிவோல்ட்ல சும்மா நிக்கணும். எந்த இடத்துல தொடும்போது குதிக்குதோ அங்கதான் வேலை.

ஒரே ஒரு எச்சரிக்கை. பல்ப் போட்ட டெஸ்ட் லேம்ப்பை 5 வோல்ட் லைன்ல வெச்சுடாதீங்க. அது இழுக்கிற கரண்ட் அந்த லைனுக்குத் தாங்காது. ஹெட்லைட், ஹாரனுக்குத்தான் டெஸ்ட் லேம்ப்.

அந்த டாங்கிள்ல ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒரு பக்கம் இருக்கும், பாத்தீங்களா? கோடு விழுந்த நொடியில வேகம், ஆர்பிஎம் எல்லாம் பதிவாகியிருக்கும். அதையும் எழுதுங்க.


கரூர்_டீசல் | செவ்வாய், காலை 7:15

ஈரோட்டு அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல. ஒண்ணு மட்டும். அது காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து டீசல் போறது. உள்ள அழுத்தம் ஆயிரம் பார் அளவுக்கு மேல போகும். இன்ஜின் ஓடும்போது எந்த பைப் நட்டையும் லூஸ் பண்ணாத, கசியுதான்னு விரலை வெச்சுத் தடவாத. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில வர்ற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள ஏறிடும். சின்னக் காயம் மாதிரிதான் இருக்கும், கையே போயிடும். அட்டையை வெச்சுப் பாரு.

பாண்டி சொன்ன டிஸ்க் பத்தி: நானும் ஒரு காலத்துல வெச்சிருந்தேன். அதுல பாத்து சம்ப் ட்ரெயின் போல்ட் (ஆயில் இறக்கற போல்ட்) போட்டேன். 25-னு இருந்துச்சு. என் டார்க் ரெஞ்ச்ல ரெண்டு பக்கமும் அளவு இருக்கும், ஒண்ணு நியூட்டன் மீட்டர், இன்னொண்ணு பவுண்டு அடி. நான் பாத்தது பவுண்டுப் பக்கம். 25 பவுண்டு அடின்னா 34 நியூட்டன் மீட்டர். அலுமினிய சம்ப், ஏற்கெனவே நொந்து கிடந்த மரை. வெண்ணெய் மாதிரி சுத்திச்சு. அந்த நேரம் வயித்துக்குள்ள என்ன ஆகும்னு மரை போக்கினவனுக்குத்தான் தெரியும். மரை போட்டுத் தர்ற ஆளைத் தேடி, எதுவும் மிச்சமில்லாம அந்த வண்டியை அனுப்பினேன். தப்பு டிஸ்க் மேல இல்ல, என் மேலதான். ஆனா அதுல எந்த வருச மாடல், எந்த யூனிட்டுன்னு பக்கத்துல ஒழுங்கா இல்லவே இல்ல. நம்ம ஊர் மேனுவல் சிலதுல கேஜி மீட்டர்னும் வரும். அது கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். நம்பரை எழுதும்போது யூனிட்டையும் சேத்து எழுது.


ஸ்கேனர்_பாண்டி | செவ்வாய், காலை 10:02

அண்ணே, யூனிட்டைப் பாக்காம திருகிட்டு டிஸ்க்கைத் திட்டுறீங்க. 😄 சந்தா கட்டுற அளவுக்கு எல்லார்கிட்டயும் காசு இருக்கா? திருட்டு சாஃப்ட்வேர்னு சொல்றதுக்கு முன்னாடி, கம்பெனிக்காரன் நியாயமான விலைக்கு விக்கிறானான்னு கேளுங்க.


கரூர்_டீசல் | செவ்வாய், காலை 10:40

திருட்டுன்னு நான் எங்க சொன்னேன்? உபயோகமில்லன்னுதான் சொல்றேன். திருடறதுன்னா நல்ல பொருளாத் திருடணும்ல?

சரி, உபயோகமானதைச் சொல்றேன். தம்பி, உங்க பட்டறையில ஹெட் கேஸ்கெட், க்ளட்ச் செட், டைமிங் கிட்னு புதுப் பொட்டி பிரிக்கும்போது உள்ள ஒரு தாள் மடிச்சு வெச்சிருப்பான். பத்து மொழியில பொடி எழுத்தா இருக்கும். உங்க ஓனர் அதுல கை துடைப்பாரு. அந்தத் தாளை எடுத்து வெச்சுக்க. ஹெட் போல்ட் எந்த வரிசையில டைட் பண்ணணும், எத்தனை நியூட்டன் மீட்டர், அப்புறம் எத்தனை டிகிரி, பழைய போல்ட்டைத் திரும்பப் போடலாமா கூடாதா, எல்லாம் அதுல இருக்கும். தயாரிச்சவனே எழுதினது, யூனிட்டோட. என்கிட்ட ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை ஆல்பம் நிறைய அதுதான் இருக்கு.

பார்ட்ஸ் கம்பெனிங்க வெப்சைட்டும் அப்படித்தான். ஸ்பார்க் பிளக் கம்பெனி கேட்டலாக்ல வண்டி பேர் போட்டா கேப்பும் டார்க்கும் வரும். ஆயில் கம்பெனி சைட்ல எந்த கிரேடுன்னு வரும், பல வண்டிக்கு எத்தனை லிட்டர்னும் வரும். லூக் க்ளட்ச் செய்யற ஷேஃப்லர் கம்பெனிக்கு ரெப்எக்ஸ்பெர்ட்னு ஒரு தளம் இருக்கு, பேர் பதிவு பண்ணினா போதும், காசு கிடையாது. அவங்க பார்ட்ஸை நாம கெடுக்காம மாட்டணும்கிறதுல நம்மளவிட அவங்களுக்குத்தான் அக்கறை. கெட்டா வாரன்டி அவங்க தலையிலதானே.

அதே மாதிரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் "மெக்கானிக் மீட்"னு கூப்பிடுவாரு. உங்க ஓனர் பிரியாணிக்குப் போவாரு. நீயும் கூடப் போ. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒருத்தர் ப்ரொஜெக்டர் போட்டுப் பேசுவாரு, யாரும் கேக்க மாட்டாங்க. நீ முதல் வரிசையில உக்காரு. முடிஞ்சதும் அவர் நம்பர் வாங்கிக்க. கேள்வி கேக்கிற பையனை அவங்களுக்குப் பிடிக்கும்.


கோவை_கியர் | செவ்வாய், மதியம் 1:22

இன்னொரு வழி யாரும் சொல்லலை. வண்டி பேரை வெச்சுத் தேடாதீங்க, இன்ஜின் கோடை வெச்சுத் தேடுங்க.

தம்பி சொல்ற ஸ்விஃப்ட்ல இருக்கிறது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட். 1248 சிசி. மாருதி அதுக்கு டி13ஏ-ன்னு பேர் வெச்சது, டாடா குவாட்ராஜெட்னு பேர் வெச்சது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இன்டிகா விஸ்டா, புன்டோ, லினியா, செவர்லே செயில் எல்லாத்துக்கும் அடியில அதே கட்டைதான். ஐரோப்பாவுல ஃபியட் பாண்டா, ஓப்பல் கோர்சாவுல அதே இன்ஜின். அதனால அந்த ஊர்க்காரன் எழுதி வெச்சதெல்லாம் நமக்கும் ஆகும். "ஸ்விஃப்ட் டீசல் டைமிங் செயின்"னு தேடினா நாலு வீடியோ வரும், அதுலயும் மூணுல பாட்டுதான் ஓடும். "1.3 மல்டிஜெட்"னு தேடினா இத்தாலிக்காரன், போலந்துக்காரன் படம் படமாப் போட்டு வெச்சிருக்கான்.

ரெனோவோட கே9கே-வும் அப்படித்தான், 1461 சிசி. டஸ்டர், டெரானோ, சன்னி, வெரிட்டோ எல்லாம் அதுதான்.

ஆனா ஒண்ணு. இரும்பு சம்பந்தப்பட்டது ஒத்துப்போகும், ஒயர் சம்பந்தப்பட்டது ஒத்துப்போகாது. இசியூ வேற, கனெக்டர் வேற, சிலதுல இன்ஜெக்டர் கம்பெனியே வேற. கோர்சாவோட பின் நம்பரைப் பாத்து ஸ்விஃப்ட்ல ஊசி குத்தினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.


யாழ்_கராஜ் | செவ்வாய், மாலை 6:50

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில ஒரு கராஜில வேலை செய்யிறன். எங்கட பிரச்சினை உங்கட பிரச்சினைக்கு அண்ணன். இங்க ஓடுறது பாதிக்கு மேல யப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வாகனங்கள். வாகனத்தைத் திறந்தால் ஸ்டிக்கரில இருந்து ஓனர் புத்தகம் வரைக்கும் எல்லாம் யப்பான் எழுத்து. போன் கமராவைப் பிடிச்சு மொழிபெயர்த்துத்தான் பியூஸ் பெட்டி மூடியே வாசிக்கிறனாங்கள். அது சில நேரம் "முன் கண்ணீர் விளக்கு" எண்டு வரும். பழகிப்போச்சு.

2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினவை, 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. அந்த அஞ்சு வருசமும் பழசைத் திருத்தித் திருத்தித்தான் ஓடினது. அதில படிச்சதுதான் கோவை அண்ணை சொன்ன வித்தை. டொயோட்டா அக்வா எண்டு தேடினால் ஒண்டும் கிடைக்காது. அதே வாகனம் அமெரிக்காவில பிரியஸ் சி எண்ட பெயரில ஓடினது. அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் கதவு திறக்கும். அமெரிக்க அரசின்ர வீதிப் பாதுகாப்பு நிறுவனம், நிட்சா எண்டு சொல்லுறது, கொம்பனிகள் தங்கட டீலர்மாருக்கு அனுப்புற தொழில்நுட்ப அறிவித்தல்களைத் தன்ர தளத்தில போடுது. காசு இல்லை. "இந்த வருத்தத்துக்கு இதுதான் காரணம்" எண்டு கொம்பனியே எழுதினது.

முழு மேனுவல் வேணுமெண்டால் டொயோட்டா அமெரிக்காவுக்கு வைச்சிருக்கிற டெக்இன்ஃபோ தளத்தில ரெண்டு நாள் சந்தா இருக்கு. நாங்கள் நாலு பெடியள் காசு போட்டு, முதலாளியின்ர வங்கி அட்டையில கட்டி, என்ன என்ன பார்க்கோணும் எண்டு முதலே கொப்பியில எழுதி வைச்சு, ஒரு சனி ஞாயிறு நித்திரை இல்லாமல் வாசிச்சு எழுதினனாங்கள். வருசச் சந்தா எண்டு நினைச்சுப் பயப்பிட வேண்டாம். தேவையானதைச் சேர்த்து வைச்சு ஒரே தரமாப் பாருங்கோ.

ஹைபிரிட்டில கை வைக்கிற தம்பிமார், உயர் வோல்ட் ஓடுற செம்மஞ்சள் வயரைத் தொட முதல் சேர்விஸ் பிளக்கைக் கழட்டிப் பொக்கெற்றுக்க வையுங்கோ. கழட்டின உடன கை வைக்க வேண்டாம், மேனுவல் சொல்லுற நேரம் பொறுத்து, வோல்ட் அளந்து பாத்திட்டுத் தொடுங்கோ. இதைப் படிச்சுப் போட்டுத்தான் செய்யோணும், பாத்துப் பழகிற வேலை இல்லை.


ஐடிஐ_வாத்தியார் | செவ்வாய், இரவு 8:05

"முன் கண்ணீர் விளக்கு" — நாளைக்கு வகுப்பில் சொல்லப் போகிறேன்.


நீதிக்கட்சி_இல்ல_நீதிதான் | செவ்வாய், இரவு 9:30

நான் மெக்கானிக் இல்லை, சட்டம் படிக்கிறேன். பழைய கார் ஒன்று வைத்திருப்பதால் இங்கே எட்டிப் பார்ப்பேன்.

இந்தத் தகவலை வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருப்பதே தவறு என்று ஏற்கெனவே ஒரு உத்தரவு இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தனியார் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன. 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை "பழுது பார்க்கும் உரிமை" என்று ஒரு தளமும் தொடங்கியது. அதில் வாகனமும் ஒரு பிரிவு.

ஐரோப்பாவில் 2007-லேயே ஒழுங்குமுறை வந்துவிட்டது. அங்கே நிறுவனம் தன் மேனுவலை வெளிப் பட்டறைக்கும் கொடுத்தாக வேண்டும். மணிக்கணக்கிலும் சந்தா வைக்க வேண்டும்.


ஸ்கேனர்_பாண்டி | செவ்வாய், இரவு 9:41

2014-ல உத்தரவு. இப்ப வரைக்கும் எங்க பட்டறைக்கு வந்து சேரல. கொரியர் லேட் போல.


நீதிக்கட்சி_இல்ல_நீதிதான் | செவ்வாய், இரவு 9:50

அதை மறுக்க மாட்டேன். அரசுத் தளத்திலும் ஒயரிங் படத்தை எதிர்பார்க்காதீர்கள். வண்டி வைத்திருப்பவருக்கான தகவல்தான் அதன் நோக்கம். ஆனால் சர்வீஸ் சென்டரில் "கொடுக்கவே கூடாது, சட்டம்" என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதாவது தெரிந்திருக்கட்டும். அது கம்பெனி விதி.


மதுரை_மல்டி | புதன், காலை 8:12

எல்லாரும் தகவலைப் பத்தியே பேசுறீங்க. தம்பி, பேசாம ஒரு வருசம் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல அப்ரன்டிஸ்ஸா சேர்ந்துரு. ஐடிஐ முடிச்சிருக்கல்ல, அரசாங்க அப்ரன்டிஸ் தளத்துல பதிவு பண்ணலாம். உதவித்தொகை உண்டு, கடைசியில சர்டிபிகேட் உண்டு. மேனுவல், ஸ்கேனர், ட்ரெயினிங் எல்லாம் உள்ளயே இருக்கும். ஒத்தப் பைசா செலவில்ல.


கரூர்_டீசல் | புதன், காலை 9:05

நான் இருந்திருக்கேன் மதுரை, ஒண்ணரை வருசம். எங்கன்னு சொல்ல மாட்டேன். மேனுவல் உள்ள இருக்கிறது உண்மை. ஆனா என்னை விட்டது ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், வாட்டர் வாஷ். ஒரு நாளைக்குப் பன்னெண்டு வண்டி. ஸ்கேனர் லேப்டாப் சீனியர் ரூமைத் தாண்டி வெளிய வராது. ஒண்ணரை வருசத்துல இன்ஜெக்டரைக் கையில தொட்டதில்ல. பட்டறைக்கு வந்த மூணாவது நாளே தொட்டேன்.


மதுரை_மல்டி | புதன், காலை 9:30

உங்க ராசி அது. என் தங்கச்சி மாப்பிள்ளை அப்படிப் போனவர்தான், இப்ப டயக்னாஸ்டிக் டெக்னீசியன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல சீனியர்க்கு டீ வாங்கிக் கொடுத்துட்டு அந்த லேப்டாப் பக்கத்துலயே உக்காந்து கத்துக்கிட்டாரு. ஒழுங்கான முறை, கிளீன்லினஸ், டார்க் ரெஞ்ச் பழக்கம் இதெல்லாம் அங்கதான் வரும். "கை சொல்லும்"கிற பட்டறையில வராது.


கரூர்_டீசல் | புதன், காலை 9:44

டார்க் ரெஞ்ச் விசயத்துல ஒத்துக்கறேன். மரை போக்கினவன் நான்தானே.


திண்டுக்கல்_பட்டறை | வியாழன், இரவு 11:56

அண்ணன்மாரே, கிடைச்சுடுச்சு!!

முதல்ல ஃப்ரீஸ் ஃப்ரேம் பாத்தேன். நேத்து விழுந்த கோடுல வேகம் 38. கஸ்டமருக்குப் போன் போட்டு எங்க நின்னுச்சுன்னு கேட்டேன், ரயில்வே கேட் தாண்டி அந்தக் குழி ரோட்டுலன்னாரு. போன தடவையும் அதே ரோடுதானாம். சென்சாரைத் தட்டிப் பாத்துட்டு இருந்த எங்களுக்கு ரோட்டைக் கேக்கத் தோணவே இல்ல.

சாயங்காலம் ஓனர் அண்ணன் டீக்குப் போனப்ப குண்டூசியை விட்டேன். கை நடுங்கிச்சு. 5.01. 0.02. 0.50. ஈரோட்டு அண்ணன் எழுதின அதே நம்பர். மீட்டரைப் பாத்து நானே சிரிச்சுட்டேன். ஐடில்ல 1.1-ல நின்னுச்சு.

அப்புறம் கிரவுண்ட்ல சிவப்பை வெச்சுட்டு ஒயர் கட்டை ஆட்டிட்டே வந்தேன். சென்சார்கிட்ட ஒண்ணுமில்ல. ரெயில் ஓரமா ஒண்ணுமில்ல. பேட்டரித் தட்டுக்குக் கீழ, கட்டு வளைஞ்சு இறங்கற இடத்துல ஒரு கிளிப் இல்ல. அங்க பிடிச்சு லேசா அழுத்தினேன். 0.02-ல இருந்து படக்குனு 4.7. விட்டா திரும்ப 0.02. மறுபடி அழுத்தினா 4.7. பத்துத் தடவை பண்ணியிருப்பேன், நம்பிக்கை வரல.

டேப்பை உரிச்சுப் பாத்தா ப்ராக்கெட் ஓரம் உரசி உரசித் தோல் போய், உள்ள ரெண்டு மூணு இழைதான் ஒட்டிட்டு இருக்கு. மீதி கருத்துப்போச்சு. பழைய சென்சாரைக் குப்பையில இருந்து எடுத்துத் துடைச்சு வெச்சிருக்கேன். அது நல்ல சென்சார்.

டீ குடிச்சுட்டு வந்த அண்ணன்கிட்ட காட்டினேன். அவரும் குனிஞ்சு ஒயரை ஒரு தடவை அழுத்தினாரு, மீட்டரைப் பாத்தாரு, மறுபடி அழுத்தினாரு. "யாருடா சொல்லிக்கொடுத்தது"ன்னாரு. ஈரோட்டுல ஒரு அண்ணன்னேன். "நேர்ல வந்தாரா"ன்னு கேட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியல.

ஒயரை நானே சால்டர் பண்ணட்டுமாண்ணே?


ஈரோடு_எலக்ட்ரிகல் | வெள்ளி, காலை 5:50

சந்தோசமுங்க தம்பி. இருங்க, சால்டர் வேண்டாம். இன்ஜின் ஆட்டம் இருக்கிற இடத்துல சால்டர் பண்ணின ஒயர் அந்த ஈயம் முடியற ஓரத்துல விறைச்சு நிக்கும், அப்புறம் அங்கயே அத்துக்கும். கருத்த ஒயரை ரெண்டு பக்கமும் செம்பு பளிச்சுனு தெரியற வரைக்கும் வெட்டி எடுத்துடுங்க. அதே தடிமன்ல புது ஒயர் துண்டு, ரெண்டு பக்கமும் நல்ல கிரிம்ப் (நெரிச்சுப் பிடிக்கிற இணைப்பு), மேல பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்கற உறை). அப்புறம் முக்கியமா அந்தக் காணாமப்போன கிளிப். அதைப் போடாம விட்டீங்கன்னா பக்கத்து ஒயர் அடுத்த வருசம் அதே இடத்துல அத்துப்போகும், வேற கோடு வரும், வேற சென்சார் மாத்துவீங்க.


ஐடிஐ_வாத்தியார் | வெள்ளி, காலை 6:30

5.01, 0.02, 0.50, ஐடிலில் 1.1. இதை எங்கே எழுதி வைத்தாய்?


திண்டுக்கல்_பட்டறை | வெள்ளி, காலை 7:02

கையில பேனாவால சார். 😅


ஐடிஐ_வாத்தியார் | வெள்ளி, காலை 7:10

நீ கேட்ட மேனுவலில் ஒரு பக்கம் உன் உள்ளங்கையில் இருக்கிறது. குளிப்பதற்கு முன்னால் நோட்டில் எழுது. வண்டி, வருடம், இன்ஜின் கோடு, எந்த நிலையில் எடுத்த ரீடிங், யூனிட். ஆயில் சர்வீஸுக்கு வருகிற நல்ல வண்டி ஒவ்வொன்றிலும் அஞ்சு நிமிஷம் இரண்டு சென்சார் எடு. கெட்ட வண்டி வரும்போது தேட வேண்டியிருக்காது.


திண்டுக்கல்_பட்டறை | அடுத்த வியாழன், இரவு 10:15

ஸ்விஃப்ட் அதே ரயில்வே கேட் ரோட்டுல ஆறு நாளா ஓடுது, கோடு வரல. கஸ்டமர் வந்து அண்ணன்கிட்ட பேசிட்டுப் போனாரு. கத்தல. மன்னிப்பும் கேக்கல, அது வேற.

நோட்டு போட்டாச்சு, நீளமான கணக்கு நோட்டு. பதினோரு வண்டி ஏறியிருக்கு. க்ளட்ச் பொட்டித் தாள் ரெண்டு ஒட்டியிருக்கேன். நேத்து அண்ணன் ஒரு எர்டிகாவுக்கு அடியில படுத்துட்டு, "டேய், அந்த நோட்டை எடு"ன்னாரு.

இப்ப ஒரு உதவி. நாளைக்கு ஒரு செவர்லே பீட் டீசல் வருது, ஸ்டார்ட்டிங் ட்ரபிள். அந்தக் கம்பெனி 2017-லயே இங்க விக்கறதை நிறுத்திடுச்சு, கேக்க ஆளில்ல. கோவை அண்ணன் சொன்ன மாதிரி இன்ஜினைப் பாத்தேன். 936 சிசி, மூணு சிலிண்டர். மூணால வகுத்தா 312. ஸ்விஃப்ட்டோட 1248-ஐ நாலால வகுத்தாலும் 312. அதே இன்ஜின்ல ஒரு சிலிண்டரைக் கழிச்சதுதானே அண்ணே? ஆனா ஒயர் ஒத்துப்போகாதுன்னும் நீங்க சொல்லியிருக்கீங்க. யார்கிட்டயாவது நல்லா ஓடற பீட் டீசல் இருக்கா? ரெயில் சென்சார்ல மூணு ஒயர் ரீடிங் மட்டும் போதும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப்.


கரூர்_டீசல் | அடுத்த வியாழன், இரவு 10:33

மச்சான் வண்டி இருக்கு. காலையில ஆறு மணிக்கு எடுத்துப் போடுறேன், யூனிட்டோட.